பள்ளியை விட்டார், படிப்பை விடவில்லை: ஜி.டி.நாயுடு

சபாக், கோலசிலாங்கூர் பக்கத் தோட்டங்களில் பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லப் பெரியவர்கள் ஜி.டி.நாயுடுவின் பெயரை எடுப்பதுண்டு. மூன்றாம் வகுப்போடு நின்றவர் விஞ்ஞானி ஆகவில்லையா என்பார்கள். பாதிக் கதைதான் அது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893 மார்ச் 23-இல் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தது முதல் அவருக்கு அதே நினைப்பு. கோவைக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடையில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் அதைக் கழற்றிப் போட்டார், மறுபடி பூட்டினார். அவருக்கு அதுதான் முதல் வகுப்பறை.

1920-இல் ஒரு பேருந்து வாங்கினார். கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டிதான் யு.எம்.எஸ் என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். சவரக் கத்தி, வானொலி, மலிவுக் கார் என்று அவருடைய முயற்சிகளை அடுக்கினால் இந்தப் பக்கம் போதாது.

நமக்கு முக்கியமானது 1945. அவருடைய நன்கொடையிலும் முயற்சியிலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. அன்றைய சென்னை ஆளுநரின் பெயர் அது. மூன்றாம் வகுப்புக்காரர் கல்லூரி முதல்வரானார்! நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணடிக்கிறது, கையால் செய்து பழகினால் இரண்டு ஆண்டே போதும் என்பது அவருடைய உறுதியான கருத்து. பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார்.

கோட்பாடு தேவையே இல்லை என்று அவர் நினைத்ததாக இதை எடுத்துக்கொள்வது தவறு. வெளிநாடுகளுக்குப் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்தவர், வயதான பின்னும் புதிய இயந்திரங்களைக் கற்றவர் அவர்.

நம் பக்கத்துக்கு வருவோம். செம்பனை ஆலையில் பல வருடம் பாய்லர் அருகிலேயே நின்றவரானாலும், தகுதிச் சான்றிதழ் இல்லையென்றால் உதவியாள்தான். டிராக்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவரிடமும் காட்ட ஒரு தாள் இருக்காது. வேலை அனுபவத்தை வைத்தே மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. சபாக் பெர்ணாம் சமூகக் கல்லூரி போன்ற இடங்களில் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. 2021 முதல், 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் பெரும்பாலான முதலாளிகள், தோட்டத் துறையினரும் சேர்த்து, சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குக் கட்ட வேண்டும். தொழிலாளியின் பயிற்சிக்கென்றே ஒதுக்கிய பணம் அது. அதில் தமக்கு என்ன பயிற்சி கிடைக்கும் என்று நிர்வாகியிடம் கேட்பதில் கூச்சம் எதற்கு?

நாயுடு 1974 ஜனவரி 4-இல் காலமானார். அவர் தொடங்கிய பொறியியல் கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு இடம் மாறி, இன்று அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. பழைய இடத்தைக் கோவைக்காரர்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றுதான் சொல்கிறார்கள்.