ஷூ லேஸ்கூடக் கட்ட முடியாதவர், ஒரே வருடத்தில் 21 கிலோ குறைத்தார்! - வில்லியம் பேண்டிங்கின் கதை

கீட்டோ, பேலியோ, லோ கார்ப்... இந்த வார்த்தைகள் காதில் விழாமல் உங்களுக்கு ஒரு வாரம் போகுமா? ரீல்ஸைத் திறந்தால் ஒருவர் சோற்றைத் தொடாதீர்கள் என்கிறார். அடுத்த ரீலில் இன்னொருவர் சோறுதான் அமிர்தம் என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நாம்தான்.

இந்தக் குழப்பமெல்லாம் ஸ்மார்ட்போன் வந்த பிறகு ஆரம்பித்தது என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை. 160 வருடங்களுக்கு முன்பே லண்டனில் ஒரு பெரியவர் இதே சுழலில் மாட்டி, முப்பது வருடம் தவித்து, கடைசியில் கரையேறினார். அந்த அனுபவத்தை ஒரு குட்டிப் புத்தகமாக எழுதினார். அது வைரல் ஆனது. எந்த அளவுக்கு என்றால், அவருடைய பெயரே டயட் இருப்பதைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. ஸ்வீடன் நாட்டில் இன்றும் டயட் இருப்பதற்குச் சொல்லும் வார்த்தை, அவர் பெயரிலிருந்து வந்த ‘பேண்டா’தான்.

அவர்தான் வில்லியம் பேண்டிங். அவர் டாக்டர் இல்லை, பயில்வான் இல்லை. அவருடைய தொழில் என்ன தெரியுமா? இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்வது!

அரண்மனைக்கே ஆஸ்தான ஆள்

1796-ல் பிறந்தவர் பேண்டிங். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் இருந்த பேண்டிங் குடும்பத்தின் நிறுவனம், அன்றைய இங்கிலாந்தில் இறுதிச்சடங்குத் தொழிலில் முன்னணியில் இருந்தது. சாதாரண ஆட்களுக்கு மட்டுமல்ல, அரச குடும்பத்துக்கே அவர்கள்தான். 1820-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், 1852-ல் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு, 1861-ல் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் எனப் பெரிய பெரிய ஊர்வலங்களை எல்லாம் இந்தக் குடும்பம்தான் நடத்தியது.

ஆக, காசுக்குக் குறைவில்லை. மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால், முப்பது வயதைத் தாண்டியதும் பேண்டிங்குக்கு உடம்பு மெதுவாக ஏறத் தொடங்கியது. பெற்றோர் இருவருமே பருமனான வம்சம் இல்லை. அவரும் சோம்பேறி இல்லை. ஐம்பது வருடம் ஓடியாடி வேலை பார்த்தவர். பெருந்தீனிக்காரரும் இல்லை. அப்புறம் ஏன் இப்படி? அவருக்கும் புரியவில்லை, அவரைப் பார்த்த டாக்டர்களுக்கும் புரியவில்லை.

படகு ஓட்டினார், பசிதான் வந்தது

முதலில் அவர் போய் நின்றது, நண்பரான ஒரு பெரிய சர்ஜனிடம். அவர் சொன்னது நமக்கெல்லாம் பழகிய அட்வைஸ்தான். உடற்பயிற்சி பண்ணுங்கள்!

பேண்டிங் சொன்னதை அப்படியே செய்தார். வீடு ஆற்றுக்குப் பக்கத்தில். கனமான படகு ஒன்றும் இருந்தது. தினமும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் துடுப்பு போட்டார். கைகால்களில் நல்ல வலு ஏறியது. கூடவே பயங்கரமான பசியும் ஏறியது. பசித்ததால் சாப்பிட்டார். சாப்பிட்டதால் எடை இன்னும் கூடியது. கடைசியில் அந்த டாக்டரே, படகை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஜிம்மில் சேர்ந்த முதல் மாதம் எடை குறையாமல், திரும்பி வரும் வழியில் இரண்டு பரோட்டா சேர்த்துப் போட்டவர்களுக்கு இந்த வலி புரியும். பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. இதயத்துக்கும் தசைக்கும் மனசுக்கும் அது நல்லது. ஆனால், தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்காமல் பயிற்சியை மட்டும் நம்பினால், எடை குறைவது கஷ்டம்.

அதற்குப் பிறகு பேண்டிங் முயன்று பார்க்காத வழியே இல்லை. கடல் காற்று வாங்கினார், கடலில் குளித்தார். குதிரைச் சவாரி செய்தார். லீமிங்டன், செல்ட்டன்ஹாம், ஹாரகேட் எனத் தாதுநீருக்குப் பெயர்போன ஊர்களுக்கெல்லாம் போய்த் தங்கினார். மருந்துகளைக் குடம் குடமாகக் குடித்தார். உணவைச் சுருக்கிப் பட்டினி மாதிரியும் இருந்து பார்த்தார். துருக்கிய வெந்நீராவிக் குளியல் மட்டும் ஐம்பது தடவை! அதில் குறைந்தது எவ்வளவு? ஆறே பவுண்டு. நம் கணக்கில் மூன்று கிலோகூட இல்லை.

பின்பக்கமாக இறங்கிய மனிதர்

அறுபத்தைந்து வயதில் அவருடைய உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. இன்றைய பிஎம்ஐ கணக்குப்படி 33-ஐத் தாண்டும்.

நம்பரை விடுங்கள். அன்றாடம் அவர் எப்படி வாழ்ந்தார் என்று பாருங்கள். குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடியிலிருந்து இறங்கும்போது முன்பக்கமாக இறங்கினால் முட்டியும் கணுக்காலும் தாங்காது. அதனால் ஒவ்வொரு படியாகப் பின்பக்கம் திரும்பி இறங்குவார். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். தொப்புள் பகுதியில் குடலிறக்கம் வேறு. அதற்குப் பட்டை கட்டியிருந்தார். பார்வை மங்கியது. காதும் கேட்காமல் போக ஆரம்பித்தது.

இதைவிட அவரை அதிகமாகக் காயப்படுத்தியது ஊர் வாய். குதிரை வண்டிகளில் உட்காரும் இடம் போதாமல் நெளிவது, கூட்டத்தில் மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பது, கிண்டலடிப்பது... இதற்குப் பயந்தே பருமனானவர்கள் பொது இடங்களைத் தவிர்க்கிறார்கள் என்று பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். பாடி ஷேமிங் என்ற வார்த்தை பிறக்காத காலம் அது. வலி மட்டும் அன்றைக்கும் இதே வலிதான்.

காதுக்குப் போனவருக்குக் கிடைத்த விடை

1862 ஆகஸ்ட். காது பிரச்னைக்காக ஒரு பிரபல காது மருத்துவரைப் பார்த்தார் பேண்டிங். அவர் காதுக்குள் எட்டிப் பார்த்தார், துடைத்தார், வெளியே மருந்து போட்டார். உடம்பில் வேறு என்ன தொந்தரவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலனும் இல்லை. கொஞ்ச நாளில் அந்த டாக்டர் வருடாந்தர விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த லீவுதான் பேண்டிங்கின் வாழ்க்கையை மாற்றியது. வேறு வழியில்லாமல் இன்னொரு டாக்டரிடம் போனார். அவர் பெயர் வில்லியம் ஹார்வி. இவரும் காது மருத்துவர்தான். ஆனால், இவர் காதை மட்டும் பார்க்கவில்லை, ஆளையே பார்த்தார். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயைக் கொழுப்பு அழுத்துவதால்தான் கேட்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஹார்விக்கு இந்தப் பொறி தட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. பாரிஸில் புகழ்பெற்ற உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்டின் உரைகளைக் கேட்டிருந்தார். நம் கல்லீரல் சர்க்கரையை எப்படிக் கையாள்கிறது, நீரிழிவு எப்படி வருகிறது என்பதெல்லாம் பெர்னார்டின் ஆராய்ச்சிகள். சர்க்கரையும் மாவுச்சத்தும் நீரிழிவில் பங்கு வகிக்கின்றன என்றால், உடல் பருமனிலும் ஏன் இருக்கக் கூடாது என்று யோசித்தார் ஹார்வி.

பேண்டிங் அப்போது என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார்? காலையில் பாலில் ஊறிய ரொட்டி, இல்லையென்றால் நிறைய பாலும் சர்க்கரையும் போட்ட டீ, வெண்ணெய் தடவிய டோஸ்ட். மதியம் இறைச்சி, பீர், ஏகப்பட்ட ரொட்டி, இனிப்புப் பலகாரம். மாலையில் மறுபடி காலை மாதிரியே. இரவில் பழம் வைத்த இனிப்பு, அல்லது மீண்டும் ரொட்டியும் பாலும். நம்மூர்க் கணக்கில் சொன்னால் காலையில் நாலு இட்லி, நடுவில் ரெண்டு மூன்று ஸ்ட்ராங் டீ, மதியம் குவித்த சோறு, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி தோசை. பெருந்தீனி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், நாள் முழுக்க மாவும் சர்க்கரையும்தான்.

ஹார்வி ஒரு பட்டியல் போட்டார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு... இவை ஆறும் கட்!

அப்போ என்னதான் சாப்பிட்டார்?

* காலை: 4 முதல் 5 அவுன்ஸ் (சுமார் 115 முதல் 140 கிராம்) இறைச்சி அல்லது மீன். பால், சர்க்கரை இல்லாத டீ. ஒரு அவுன்ஸ் காய்ந்த டோஸ்ட்.
* மதியம்: 5 முதல் 6 அவுன்ஸ் மீன் அல்லது இறைச்சி, உருளைக்கிழங்கு தவிர எந்தக் காய்கறியும், ஒரு அவுன்ஸ் டோஸ்ட், கொஞ்சம் பழம், இரண்டு மூன்று கிளாஸ் ஒயின்.
* மாலை: 2 முதல் 3 அவுன்ஸ் பழம், ஒன்றிரண்டு ரஸ்க், வெறும் டீ.
* இரவு: 3 முதல் 4 அவுன்ஸ் இறைச்சி அல்லது மீன், மறுபடி ஒயின்.

பன்றி இறைச்சியும் சால்மன் மீனும் கூடாது. ஆமாம், ஒயின் இருக்கிறது, தூங்கும் முன் இன்னொரு கிளாஸும் உண்டு. அது அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணக்காரர்களின் பழக்கம். இதைப் பிடித்துக்கொண்டு, டயட்டில் சரக்கு ஓகே என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேண்டிங் பசியோடு இருக்கவில்லை. ஒரு நாளைக்கு நான்கு வேளை, வயிறு நிறையச் சாப்பிட்டார். அதனால்தான் விடாமல் தொடர முடிந்தது.

வாரத்துக்கு 400 கிராம்தான்!

சில வாரங்களுக்கு ஒரு முறை எடை பார்த்துத் தேதியோடு குறித்து வைத்தார். 38 வாரங்களில் 35 பவுண்டு இறங்கியது. ஒரு வருடத்தில் மொத்தம் 46 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 21 கிலோ. இடுப்புச் சுற்றளவில் மட்டும் 12 அங்குலத்துக்கு மேல் குறைந்தது.

சராசரி போட்டால் வாரத்துக்கு 400 கிராம்தான். பத்து நாளில் பத்து கிலோ என்று விளம்பரம் செய்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பேண்டிங்குக்கு அது போதுமாக இருந்தது. காது நன்றாகக் கேட்டது. குனிய முடிந்தது. எல்லோரையும் போல முன்பக்கமாகப் படி இறங்கினார். குடலிறக்கத் தொந்தரவும் வெகுவாகக் குறைந்தது.

இலவசமாகக் கொடுத்த புத்தகம்

1863-ல், தன்னைப் போலத் தவிக்கும் மற்றவர்களுக்காக உடல் பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு எழுதும் கடிதமாக ஒரு சிறுநூலை வெளியிட்டார். சொந்தச் செலவில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். தேவை ஏறிக்கொண்டே போனதால் பின்னர் விலை வைக்கப்பட்டது. அதில் வந்த லாபத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ஊரெங்கும் அதே பேச்சு. நீங்கள் பேண்டிங் இருக்கிறீர்களா என்று ஒருவரையொருவர் கேட்கும் அளவுக்குப் போனது. ஆனால், மருத்துவ உலகம் பொங்கியது. டாக்டர் அல்லாத ஒருவர் மருத்துவம் பேசுவதா என்று கோபம். இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டவர்களும் உண்டு, ஆபத்தானது என்று எச்சரித்தவர்களும் உண்டு. ஹார்வியும் கேலிக்குத் தப்பவில்லை.

விமர்சகர்கள் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. ஒரே ஒருவருக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்பதற்கு ஆதாரம் ஆகாது. 21 கிலோ குறைந்ததற்கு மாவுச்சத்தை விட்டது மட்டும் காரணமா, அளவு பார்த்துச் சாப்பிட்டதும் காரணமா என்று ஒரு மனிதரின் அனுபவத்தை வைத்துப் பிரித்துச் சொல்லிவிட முடியாது. இன்றைக்கு ரீல்ஸில் பார்க்கும் ஒவ்வொரு ‘பிஃபோர், ஆஃப்டர்’ படத்துக்கும் இது பொருந்தும்.

விமர்சனங்களுக்கு பேண்டிங் பெரிதாகச் சண்டை போடவில்லை. அடுத்தடுத்த பதிப்புகளில் தன் எடைக் கணக்கையும் வாசகர்களின் அனுபவங்களையும் சேர்த்துக்கொண்டே போனார். 1878 மார்ச்சில் லண்டனில் காலமானபோது அவருக்கு 81 வயது. அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு இழந்த எடையைத் திரும்ப ஏற்றிக்கொள்ளாமல் முதுமையைக் கழித்தார்.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது

அவருடைய மெனுவை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். காய்கறியை விட இறைச்சி அதிகம், மதுவும் அதிகம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் மாவுச்சத்தைத் திடீரென வெட்டுவது ஆபத்து.

ஆனால், இந்த மூன்றையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். டீயில் போகும் சர்க்கரையில் இருந்து குறைக்க ஆரம்பியுங்கள். பட்டினி கிடக்காமல், உங்களால் வருடக்கணக்கில் தொடர முடிகிற சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். எடையைக் குறித்து வையுங்கள், அவசரப்படாதீர்கள்.

முப்பது வருடம் டாக்டர்கள் சொன்னதை எல்லாம் பேண்டிங் மறுபேச்சில்லாமல் செய்தார். எடை குறையாதபோது ஊர் அவரைத்தான் குற்றவாளியாகப் பார்த்தது. அவரிடம் மனவுறுதி எப்போதுமே இருந்தது, அவருக்குப் பொருந்தும் வழிதான் இல்லை. அந்த வழி 65 வயதில் கிடைத்தது. உங்களுக்கு இப்போது இருபதோ முப்பதோதான் ஆகிறது. இன்றைக்கு எடை இறங்கவில்லை என்றால் உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். உங்கள் காதை மட்டும் பார்க்காமல் உங்களைப் பார்க்கும் ஒரு டாக்டரையோ, டயட்டீஷியனையோ தேடுங்கள்.