டாக்டரா, பாதிரியாரா, கப்பல் பயணமா? டார்வினின் அப்பா சொன்ன எட்டு ஆட்சேபங்கள்

1831 ஆகஸ்ட் 31. இங்கிலாந்தில் 22 வயது இளைஞர் ஒருவர் தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறார். கடிதத்தோடு ஒரு பட்டியலும் போகிறது. தான் போக ஆசைப்படும் பயணத்துக்கு அப்பா என்னென்ன ஆட்சேபம் சொன்னாரோ, அத்தனையும் எண் போட்டு அதில் இருக்கிறது. மொத்தம் எட்டு.

எழுதியவர் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கை என்றால் இன்றைக்கு உலகமே சொல்லும் பெயர். ஆனால் அன்றைக்கு அப்பாவின் கணக்கில் அவர் ஒரு படிப்பைப் பாதியில் விட்டவர், இன்னொரு படிப்பை முடித்தும் வேலைக்குப் போகாமல் இருப்பவர். அந்த நிலைக்கு அவர் எப்படி வந்தார்?

டாக்டர் வீட்டுப் பிள்ளை

டார்வின் 1809 பிப்ரவரி 12 அன்று ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தாத்தா எராஸ்மஸ் டார்வின் பேர் பெற்ற டாக்டர். அப்பா ராபர்ட்டும் டாக்டர், வசதியானவர். பள்ளியில் பையன் சுமார் ரகம்தான். வேட்டை, நாய், பூச்சி என்று சுற்றுகிறான் என அப்பாவுக்குக் கவலை. 16 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தி, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க அனுப்ப முடிவு செய்தார்.

இதைக் கண்மூடித்தனமான முடிவு என்று சொல்லிவிட முடியாது. கல்லூரிக்குப் போகும் முன், 1825 கோடையில், ஊரில் இருந்த ஏழை நோயாளிகளை டார்வின் போய்ப் பார்த்தார். ஒரு கட்டத்தில் சுமார் 12 பேர் அவர் பொறுப்பில் இருந்தார்கள். நோயின் குறிகளைக் குறித்து வந்து அப்பாவிடம் படித்துக் காட்டுவார். இன்னும் என்ன கேட்க வேண்டும், என்ன மருந்து என்று அப்பா சொல்லுவார். மருந்தைத் தயாரித்ததும் பையன்தான். நோயாளிக்கு நம்பிக்கை வரவைக்கும் குணம் இவனிடம் இருக்கிறது, நல்ல டாக்டராக வருவான் என்று அப்பா கணித்தார். இன்றைக்கு இன்டர்ன்ஷிப் என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். அதில் பையன் நன்றாகவே தேறிவிட்டார்.

அண்ணன் எராஸ்மஸோடு எடின்பரோ போனதும் கதை மாறியது. விரிவுரைகள் தூக்கம் வரவைத்தன. இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போனார். அதில் ஒன்று குழந்தைக்கு. மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் 20 வருஷம் இருந்தது. அந்த அலறலைக் கேட்க முடியாமல், முடியும் முன்பே வெளியே ஓடிவந்தார். அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. பல வருஷங்கள் அந்த நினைவு அவரை விடவும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பா ராபர்ட்டுக்கே ரத்தத்தைப் பார்த்தால் ஆகாது. தொழிலே பிடிக்காமல், தன் அப்பா சொன்னார் என்று டாக்டரானவர் அவர். அதையே தன் மகனுக்கும் செய்தார்.

ஆனால் எடின்பரோவில் கழிந்த இரண்டு வருஷமும் வீண் இல்லை. கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டோன் என்பவர் அந்த ஊரில் பறவைகளைப் பாடம் செய்யும் வேலை பார்த்தார். காசு கொடுத்து அவரிடம் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார் டார்வின். ராபர்ட் கிரான்ட் என்ற விலங்கியலாளரோடு கடற்கரையில் உயிரினங்கள் சேகரித்தார். 1827 மார்ச்சில் மாணவர் சங்கம் ஒன்றில் தன் முதல் சிறு கண்டுபிடிப்பைச் சொன்னார். பாடத்திட்டத்தில் இல்லாத இவைதான் பின்னால் கப்பலில் கை கொடுத்தன.

நிலவியல் வகுப்பு மட்டும் படு மோசம். இனி இந்தப் பாடத்தையே தொடமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார். பிடிக்காதது பாடமா, வாத்தியாரா என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் தோன்றவில்லை. மருத்துவத்தை விட்டதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஆனால் உடற்கூறு அறுத்துப் பழகாமல் விட்டோமே என்று கடைசிவரை வருந்தினார்.

அடுத்து சர்ச்

டாக்டர் வேலை சரிப்பட்டு வராது என்று அப்பாவுக்குத் தெரிந்ததும் அடுத்த யோசனை வந்தது: பாதிரியார் ஆகலாம். அன்றைய இங்கிலாந்தில் கிராமத்துப் பாதிரியார் என்றால் வீடு, வருமானம், மரியாதை மூன்றும் கிடைக்கும். செடி, பூச்சி பார்க்க நேரமும் மிச்சம் இருக்கும். டார்வின் உடனே தலையாட்டவில்லை. அவகாசம் கேட்டு, இறையியல் புத்தகங்களைப் படித்துப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். பள்ளியில் படித்த கிரேக்கம் மறந்துபோயிருந்தது. வீட்டில் டியூஷன் வைத்துத் தேற்றிக்கொண்டு, 1828 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குப் போனார்.

அங்கே வண்டு பிடிக்கும் பைத்தியம் பிடித்தது. இரண்டு கையிலும் ஒவ்வொரு வண்டு இருக்க, மூன்றாவதாக ஒன்று கண்ணில் பட, கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்ட கதை அப்போது நடந்ததுதான். அது காரமாக எதையோ பீய்ச்ச, துப்பிவிட்டார். தாவரவியல் பேராசிரியர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோவோடு பெரும்பாலான நாட்கள் நடந்தார். ஹென்ஸ்லோவே ஒரு மதகுரு. சர்ச்சும் அறிவியலும் ஒன்றாகப் போகும் என்பதற்குக் கண்முன்னே சாட்சி. 1831 ஜனவரி தேர்வில் 178 பேரில் 10-வது இடம். கடைசி நேரத்தில் உட்கார்ந்து படித்ததுதான். அந்தக் கோடையில் ஆடம் செட்ஜ்விக்கோடு வேல்ஸில் பாறை பார்க்கப் போனார். தொடமாட்டேன் என்ற அதே நிலவியல்!

தன்னம்பிக்கைக் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விஷயம் பணம். எடின்பரோ நாட்களிலேயே, வசதியாக வாழும் அளவுக்கு அப்பாவின் சொத்து தனக்கு வரும் என்று டார்வினுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் மருத்துவத்தில் முயற்சி தளர்ந்தது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பார்க்கும் வசதி அவருக்கு இருந்தது. அது இல்லாதவர் இந்தக் கதையை அப்படியே காப்பி அடிக்க முடியாது.

எட்டு ஆட்சேபம்

வேல்ஸிலிருந்து ஆகஸ்ட் 29 அன்று வீடு திரும்பினால், ஹென்ஸ்லோவின் கடிதம் காத்திருந்தது. தென் அமெரிக்கக் கடற்கரையை அளக்கப் போகும் பீகிள் கப்பலில் இயற்கை ஆய்வாளராகப் போகிறாயா என்று கேட்டிருந்தார். சம்பளம் கிடையாது.

அப்பா மறுத்தார். பாதிரியார் ஆகப்போகிறவனுக்கு இது மதிப்பில்லை. கிறுக்குத்தனமான திட்டம். உனக்கு முன் பலரைக் கேட்டிருப்பார்கள். அவர்கள் மறுத்திருந்தால் கப்பலிலோ பயணத்திலோ ஏதோ கோளாறு இருக்கணும். இதற்குப் பிறகு நீ ஓரிடத்தில் நிலையாக இருக்கமாட்டாய். தங்க வசதி இருக்காது. மறுபடியும் தொழில் மாறுகிறாய். கடைசியாக, இதனால் பிரயோஜனம் இல்லை. ஆனால் ஒரு கதவைத் திறந்து வைத்தார்: விவரம் தெரிந்த ஒருவர் போகச் சொன்னால் சம்மதம்.

டார்வின் வர முடியாது என்று எழுதிப் போட்டுவிட்டு, தாய்மாமா ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டுக்கு வேட்டைக்குப் போனார். மாமா அந்தப் பட்டியலைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். முக்கியமானது தொழில் மாற்றம் பற்றியது. பையன் இப்போது இறையியலில் மூழ்கிக் கிடந்தால் கலைக்க வேண்டாம் என்பேன், ஆனால் அவன் இப்போது தேடுவதும் பயணத்தில் தேடப்போவதும் ஒரே வகை அறிவுதானே என்பது அவர் வாதம். மறுநாளே மருமகனோடு ஷ்ரூஸ்பரிக்குக் கிளம்பினார். அப்பா இறங்கி வந்தார், செலவையும் ஏற்றார்.

அப்பா சொன்னதில் எத்தனை பலித்தது? எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பலரைக் கேட்டிருப்பார்கள் என்றது நிஜம். ஹென்ஸ்லோவும் அவர் மைத்துனர் லெனார்ட் ஜெனின்ஸும் யோசித்துவிட்டு மறுத்திருந்தார்கள். அவர்களைத் தடுத்தது குடும்பமும் சர்ச் பொறுப்பும்தான், கப்பல் இல்லை. ஆனால் கப்பல் பற்றிய சந்தேகமும் முழுக்கப் பொய் இல்லை. பீகிளின் முந்தைய கேப்டன் 1828-ல் பயணத்தின் நடுவே தற்கொலை செய்துகொண்டவர். தனிமைக்குப் பயந்துதான் புதிய கேப்டன் ஃபிட்ஸ்ராய் பேச்சுத்துணைக்கு ஆள் தேடினார். வசதிக் குறைவு? சுமார் 90 அடி நீளக் கப்பலில் 70-க்கும் மேற்பட்டவர்கள். வரைபட மேசைக்கு மேலே தொங்கும் ஊஞ்சல் படுக்கையில் தூக்கம். கடல் வாந்தி கடைசிவரை விடவில்லை. இரண்டு வருஷம் என்று 1831 டிசம்பர் 27-ல் கிளம்பியவர், ஊர் திரும்பியது 1836 அக்டோபரில். தொழில் மாற்றம் என்றதும் சரி. அவர் பாதிரியார் ஆகவே இல்லை.

பிரயோஜனம் இல்லை என்ற எட்டாவதுக்குப் பதில், 1859-ல் வெளியான உயிரினங்களின் தோற்றம். 1848-லேயே இறந்துபோன அப்பா அதைப் பார்க்கவில்லை.

நிலையாக இருக்கமாட்டான் என்ற கணிப்புதான் அடியோடு தப்பியது. 1842-ல் கென்ட் பகுதியின் டவுன் என்ற கிராமத்தில் குடியேறிய டார்வின், 1882-ல் சாகும்வரை 40 வருஷம் அதே வீட்டில் இருந்தார். மறுபடி பிரிட்டனை விட்டுக் கிளம்பவே இல்லை. ஊர்ப் பாதிரியாரோடு நட்பாக இருந்தார். ஏழைகளுக்கான நிலக்கரி, துணி நிதிக்குப் பொருளாளராகக் கணக்கும் எழுதினார்.