ஜோசப் புலிட்சர்

மக்களாட்சி நிலவும் நாட்டில் ஆட்சியாளரை அமர்த்துவதும் அகற்றுவதும் பொதுமக்கள் கருத்தே. அக்கருத்தை உருவாக்கும் கருவிகளுள் செய்தித்தாள் சிறந்ததொன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதன் ஆற்றலை நன்கு உணர்ந்து கையாண்டவர் ஜோசப் புலிட்சர்.

புலிட்சர் 1847-ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டில் பிறந்தார். பதினேழாம் வயதில் அமெரிக்கா சென்று, உள்நாட்டுப் போரில் படைவீரராய்ப் பணியாற்றினார். போர் முடிந்தபின் செயின்ட் லூயி நகரை அடைந்து, கோவேறு கழுதைகளைப் பேணியும் உணவு விடுதியில் பரிமாறியும் பிழைத்தார். ஓய்வு வேளைகளில் நூலகத்தில் அமர்ந்து ஆங்கிலம் பயின்றார். 1868-இல் ஜெர்மன் மொழி நாளிதழ் ஒன்றில் செய்தியாளரானார். பத்தாண்டுகளுக்குப்பின் தாமே ஒரு நாளிதழுக்கு உரிமையாளரானார்.

1883-இல் நியூயார்க் நகரின் ‘வேர்ல்டு’ நாளிதழை விலைக்கு வாங்கினார். தொழிலாளரும் குடியேறியோரும் எளிதில் படிக்குமாறு அதனை நடத்தினார். 1884-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்விதழ் குரோவர் கிளீவ்லாந்தை ஆதரித்தது. நியூயார்க் மாநிலத்தில் ஆயிரத்தைச் சற்றே கடந்த வாக்குகள் மிகுதியாகப் பெற்றதனாலேயே கிளீவ்லாந்து குடியரசுத் தலைவரானார்.

மறு ஆண்டு, சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் அமைக்கப் பொருளின்றிப் பணி தடைப்பட்டது. சிறுகாசு அளிப்போர் பெயரையும் தம் இதழில் வெளியிடுவதாகப் புலிட்சர் அறிவித்தார். ஐந்தே திங்களில் 1,20,000-க்கு மேற்பட்ட மக்கள் 1,00,000 டாலருக்கு மேல் வழங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகவே ஈந்த எளியோர்.

ஆயினும் அவ்வாற்றல் நெறி தவறியதும் உண்டு. ‘வேர்ல்டு’ இதழ், ஹியர்ஸ்ட் என்பாரின் ‘ஜர்னல்’ இதழோடு விற்பனையில் கடும்போட்டியிட்டது. 1898-இல் ஹவானா துறைமுகத்தில் ‘மெயின்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. காரணம் துலங்குமுன்னரே இவ்விதழ்கள் ஸ்பெயின்மீது ஐயத்தைப் பரப்பி, மக்கள் சினத்தை மூட்டின. சில கிழமைகளில் போர் மூண்டது. போருக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் பழி இதழ்களை விட்டு நீங்கவில்லை. அதன்பின் புலிட்சர் தம் இதழை மிகையினின்றும் விலக்கி நடத்தினார்.

பனாமாக் கால்வாய்க்காகச் செலவிட்ட பணம் யாரைச் சேர்ந்தது என ‘வேர்ல்டு’ வினவியபோது, தியோடர் ரூசுவெல்டின் அரசு அவதூறு வழக்குத் தொடுத்தது. கண்ணொளி இழந்திருந்த புலிட்சர் அஞ்சிப் பணிந்திலர். 1911-இல் உச்ச நீதிமன்றம் இதழின் பக்கமே தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற பொருளால் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1912-இல் இதழியற்கல்லூரி தொடங்கியது. 1917 முதல் புலிட்சர் பரிசுகளும் வழங்கப்படலாயின. மக்கள் கருத்தை ஆக்குவோர் முதற்கண் உண்மைக்கு அடங்குதல் வேண்டும் என்பதே அவர்தம் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.