தடை போட்டார்கள்! ஓட்டம் நிற்கவில்லை!

ராயபுரத்தை ஒட்டித் துறைமுகம் இருப்பது போல, ஆம்ஸ்டர்டாம் நகரிலும் பெரிய துறைமுகம் உண்டு. 1928-ம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயம் அங்கேதான் நடந்தது. தியான்சந்த் ஆடி இந்தியா ஹாக்கியில் முதல் தங்கம் வென்றதும் அங்கேதான்.

ஒலிம்பிக் ஓட்டப் பந்தயங்களில் பெண்களைச் சேர்த்தது அதுவே முதல் தடவை. ஆகஸ்டு 2-ந் தேதி, 800 மீட்டர் ஓட்டம். அதாவது ஏறக்குறைய அரை மைல். மைதானத்தை இரண்டு முறை சுற்ற வேண்டும்.

ஜெர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கேக்கு அப்போது வயது 24. கணவர் ஜார்ஜ்தான் அவருக்குப் பயிற்சி அளித்தவர்.

லீனா 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். உலக சாதனை! ஜப்பானைச் சேர்ந்த கினுயே ஹிட்டோமி இரண்டாவதாக வந்தார். ஓட்டக் களத்தில் ஜெர்மனிக்கு அதுவரை ஒலிம்பிக் தங்கம் கிடைத்ததில்லை.

ஆனால் நடந்தது என்ன?

ஓடிய பெண்கள் மயங்கிச் சரிந்தார்கள் என்று சில பத்திரிகைகள் எழுதிவிட்டன. உண்மையில் ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். களைப்பில் தரையில் சாய்ந்தவர்களும் உண்டுதான். ஆண் களைத்து விழுந்தால் வீரம். பெண் விழுந்தால் பலவீனமாம்!

பெண்களுக்கான 800 மீட்டரையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடி சேர்த்தது 1960-ல், ரோம் நகரில். 32 வருஷம்! லீனாவின் சாதனையோ 1944 வரை முறியவில்லை.

1983 பிப்ரவரியில், 79-வது வயதில் லீனா காலமானார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக மாரத்தான் ஓடினார்கள். அங்கே 800 மீட்டரில் அரை இறுதி வரை சென்றார், கேரளப் பெண் ஷைனி ஆபிரகாம்.