சிறுவர்க்கு நன்மை கொடுத்த பாப்பரசர்

இத்தாலி நாட்டின் வடக்கே ரியேசே என்று ஒரு சிற்றூர். 1835-ம் ஆண்டு அங்கே ஓர் ஏழை வீட்டில் ஜுசேப்பே சார்த்தோ பிறந்தார். தகப்பனார் ஊர்ச் சேவகர். தாயார் தையல் வேலை செய்தார். வீட்டில் பத்துப் பிள்ளைகள்.

பள்ளிக்கூடம் பக்கத்து நகரத்தில். பையன் பல மைல் நடந்தே போவான். ஜோடு தேய்ந்துவிடுமே என்று அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடப்பான்.

இந்தப் பையன்தான் 1903-ல் பாப்பரசர் ஆனார்! பத்தாம் பத்திநாதர் என்று பெயர் பெற்றார்.

1858-ல் குருப்பட்டம் பெற்ற அவர், 17 ஆண்டுகள் கிராமங்களில் பணி செய்தவர். சிறுவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதில் அவருக்குத் தனி ஆசை. அவர்கள் மனம் அவருக்குத் தெரியும்.

நோயாளிச் சிறுவர்

கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்குவதைப் புது நன்மை என்பார்கள். அந்தக் காலத்தில் பல நாடுகளில் 10 வயது, 12 வயது, சில இடங்களில் 14 வயது வரைகூடக் காத்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள்.

இதில் ஒரு கொடுமை உண்டு. எட்டு வயதுப் பிள்ளை சாகக் கிடந்தாலும், பல ஊர்களில் அதற்கு நற்கருணை கிடையாது. பெற்றவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1910 ஆகஸ்டு 8-ந் தேதி பாப்பரசரின் கட்டளை வெளிவந்தது. புத்தி விவரம் வந்தால் போதும். அது ஏறக்குறைய ஏழு வயது. முக்கியமான விசுவாச உண்மைகளைத் தன் வயதுக்கு ஏற்றபடி பிள்ளை அறிந்திருக்க வேண்டும். சாதாரண அப்பம் வேறு, நற்கருணை வேறு என்று தெரிந்திருக்க வேண்டும். ஞானோபதேசம் முழுவதும் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. மீதியைப் பிறகு படிக்கலாம். பிள்ளை தயாரா என்று பார்ப்பது தகப்பனாரும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவும் செய்யவேண்டிய வேலை. நற்கருணை நல்ல பிள்ளைக்குத் தரும் பரிசு அல்ல, பலவீனருக்கு மருந்து என்பது அவர் எண்ணம்.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. முக்கியமாகப் பிரான்சில் முணுமுணுப்பு எழுந்தது. அங்கே 12 வயதில் புது நன்மை பெரிய குடும்ப விழா. சீக்கிரம் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அப்புறம் ஞானோபதேச வகுப்புக்கு வருவார்களா என்று பயந்தார்கள். அந்தப் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பாப்பரசர் அசையவில்லை.

1912-ல் அதே பிரான்சிலிருந்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் ரோமாபுரிக்கு ரயிலேறி வந்தார்கள். புது நன்மை வாங்கிய பிள்ளைகள்! பாப்பரசருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, முதல் உலக யுத்தம் மூண்ட சில வாரங்களில், 1914 ஆகஸ்டு 20-ந் தேதி அவர் காலமானார். 1954-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பட்டது.