தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிரீன்

வைத்திய சாஸ்திரத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா? இந்தக் கேள்வி இன்றும் நம்மிடையே அடிபடுகிறது. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் இதற்கு விடை கிடைத்துவிட்டது. விடை கண்டவர் தமிழர் அல்லர். சாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர்.

1822-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, மாசசூசெட்ஸ் மாகாணத்து ஊஸ்டர் நகரில் கிரீன் பிறந்தார். நியூயார்க்கில் வைத்தியம் பயின்று 1845-ல் பட்டம் பெற்றார். சொந்த ஊரிலேயே தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ மிஷன் ஊழியத்தை ஏற்று, 1847-ல் இலங்கையின் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். மறு ஆண்டு மானிப்பாய்க்குச் சென்று அங்கே நிலைத்தார்.

கிராமத்தில் ஒரு பள்ளி

காலராவும் அம்மையும் ஊர் ஊராகச் சூறையாடிய காலம் அது. ஒரே டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? உள்ளூர் இளைஞர்களையே டாக்டர்களாக ஆக்குவதுதான் வழி என்று கிரீன் கண்டார். மாணவர்களைச் சேர்த்து வகுப்பு நடத்தினார். அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே நோயாளிகளைப் பார்த்துத் தொழில் பழகினர்.

பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. அதில்தான் சிக்கல் எழுந்தது. ஆங்கிலம் கற்றவர்களைச் சர்க்கார் உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் இழுத்துக்கொண்டன. எந்தக் கிராமத்துக்காக டாக்டர்களை உருவாக்கினாரோ, அந்தக் கிராமத்தில் டாக்டர் இல்லை!

துணிந்த முடிவு

1857-ல் தாயகம் சென்ற கிரீன், மணம் புரிந்துகொண்டு 1862-ல் மனைவியுடன் திரும்பினார். இனித் தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்தார். ஆங்கிலம் படித்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில் இது லேசான காரியம் அல்ல. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. மாணவர்கள் நடை உடையிலும் தமிழர்களாகவே இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

பாட நூல்கள் வேண்டுமே! தம் மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். ஒரு கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவார். கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடுவார். அங்கும் இல்லையென்றால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று நூல்கள் வரிசையாக வெளிவந்தன. 1858-ல் லண்டனில் வெளியான கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல், 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வந்துவிட்டது. அவர் உருவாக்கிய நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை.

அவரிடம் அறுபதுக்கு மேற்பட்டோர் வைத்தியம் பயின்றனர். தமிழில் பயின்றவர்கள் பெரும்பாலும் ஊர்களிலேயே தங்கித் தொண்டாற்றினர். கிரீனின் கணக்கு தப்பவில்லை.

கடைசி வரை தமிழ்

உடல் நலிவுற்று 1873-ல் அமெரிக்கா திரும்பிய பிறகும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தி அனுப்பிவந்தார். 1884-ம் ஆண்டு மே 28-ந் தேதி காலமானார். தமிழர்களுக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பதே அவர் விருப்பம். அவ்வாறே பொறித்தார்கள்.

மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. நம் பெருந்துறையிலும் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே நோயாளி தம் நோவைக் கொங்குத் தமிழில் சொல்கிறார். டாக்டரோ ஆங்கிலத்தில் கற்றுவந்தவர். நோயாளியின் மொழியிலேயே டாக்டரை உருவாக்கிக் காட்டிய கிரீனின் முயற்சியைத் தொடர வேண்டியது தமிழர்களாகிய நம் பொறுப்பு அல்லவா?