போப் ஐயரும் மாணாக்கரை ஆளுங் கலையும்

பாடஞ் சொல்லுதல் ஒரு கலை. பாடங் கேட்கும் இளைஞரை ஓரிடத்தில் தங்கவைத்துப் பேணி ஆளுதல் மற்றொரு கலை. முன்னதில் வல்லார் எல்லாரும் பின்னதிலும் வல்லராதல் இல்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையாற் காட்டிச் சென்ற பெரியார் ஒருவர் நம் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்திருந்தார். அவரே டாக்டர் ஜி. யு. போப் ஐயர். திருக்குறளை ஆங்கிலமாக்கிய தமிழ்த் தொண்டராக அவரை அறியாதார் இலர். மாணாக்கரை ஆண்ட தலைவராக அவரை அறிந்தார் சிலரே. ஆதலின் அப்பகுதியையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஐயர் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், இன்று கனடா நாட்டின் பகுதியாகவுள்ள பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சேர்ந்தார். மிஷன் ஊழியத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுத்து, 1839இல் சென்னைக்கு வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. நம் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருப்பாரின் வயதே அது. மூன்றாண்டு கழித்து, 1842இல், எஸ்.பி.ஜி. சங்கத்தாரின் ஊழியராய்ச் சாயர்புரம் போந்தார்.

சாயர்புரம் முத்துக்குளித்துறையை அடுத்து உள்நாட்டில், பனைமரஞ் செறிந்த நிலப்பரப்பில் அமைந்த ஊர். எம் ஊராகிய ஆத்தூருக்கும் அது அயலதே. கிறிஸ்தவர் குடியேறுதற்கெனச் சாயர் என்னும் வணிகர் வாங்கி உதவிய நிலத்தில் எழுந்தமையின் அப்பெயர் பெற்றது. ஐயர் அங்கே ஒரு செமினரியை நிறுவினார். சுற்றுக் கிராமங்களின் சிறுவர் தம் வீட்டை விட்டு வந்து அங்கேயே உண்டு உறங்கிப் பயின்றனர். ஆங்கிலம், இலத்தீன், எபிரேயம், கணிதம், தத்துவம் முதலியன கற்பிக்கப்பட்டன. பனையேறிகளின் மக்களுக்கு ஐரோப்பியக் கலைகளை அவ்வளவு உயர்ந்த அளவில் ஊட்ட முற்பட்ட அவரது துணிவை வியவாதிருத்தல் இயலாது.

ஆயினும் அம்முயற்சி முழுப்பயன் தந்திலது. காரணம் கல்விக்குறைவன்று, கண்டிப்பின் மிகுதியே. ஐயரின் உடனூழியரும் அவர் திறமையை நன்கு மதித்தவருமாகிய கால்ட்வெல் அத்தியட்சரே இதனை மறையாது எழுதிவைத்துள்ளார். ஒழுங்குமுறை மிகக் கடுமையாயிருந்தது. அதனால் சிறு சிறு கலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. முடிவில் ஐயர் அவ்விடம் விட்டு விலக நேர்ந்தது. 1849இல் அவர் இங்கிலாந்து திரும்பினார்.

இதனை எழுதுதல் அப்பெரியாரின் புகழைக் குறைத்தற்கன்று. வகுப்பறையில் ஆசிரியரது கடுமை ஒரு மணி நேரத்தில் முடிவுறும். மாணாக்கன் வெளியே சென்று மூச்சு விடுவான். விடுதியிலோ அக்கடுமை உணவுப் பந்திக்கும் உடன் வரும்; பாயிலும் உடன் கிடக்கும். தாயைப் பிரிந்து வந்த சிறுவனுக்கு ஓடி ஒதுங்க இடமில்லை. கலகம் அன்றி வேறு மொழி அவனுக்குத் தெரியாது. எம் ஊர்க் கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டுவர். கட்டாது விட்டாற் கொடி தரையிற் கிடக்கும். இறுகக் கட்டினால் தண்டு அறும். கட்டுகிற கையின் பதம் பழகி அறியத்தக்கது. இருபத்திரண்டு வயதில் ஒரு செமினரியை ஏற்ற ஐயருக்கு அப்பதத்தைக் கற்பிப்பார் எவருமிலர். அதற்கெனக் கல்வி ஒன்றும் அக்காலத்து உலகில் இல்லை.

நிற்க. ஐயர் 1851இல் மீண்டு வந்து தஞ்சையில் ஊழியஞ் செய்தார். பின்னர் உதகமண்டலத்திலும் பெங்களூரிலும் பள்ளித் தலைவராயிருந்தார். 1880களில் தாய்நாடு சேர்ந்து, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். பேலியல் கல்லூரியின் குருவாகவும் அமர்ந்தார். அக்கல்லூரித் தலைவர் ஜோவெட் என்னும் அறிஞர். ஒருநாள் இரவு இருவரும் கல்லூரி முற்றத்தில் உலாவுகையில், திருவாசகத்தைப் பற்றி ஐயர் பேசினார். அதனை மொழிபெயர்த்து அச்சிடல் வேண்டுமென ஜோவெட் வற்புறுத்தினார். தமக்கு முதுமை வந்துவிட்டதே என ஐயர் தயங்கினார். பெரும்பணி ஒன்றைக் கைக்கொண்டிருத்தலே நீண்டு வாழும் வழியென்றும், அதை முடிக்கும்வரை அவர் வாழ்வாரென்றும் ஜோவெட் தேற்றினார். 1893இல் ஜோவெட் மறைந்தார். ஐயரோ பணியை விட்டாரில்லை. தம் எண்பதாம் ஆண்டு நிறைவில், 1900இல், திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 1908 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டிலேயே இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சாயர்புரத்துச் சிறுவரைப் பிரம்பு நிறுத்திவைக்க முடிந்திலது. முதியவர் ஒருவரையோ, ஒரு கல்லூரித் தலைவரின் அன்பான ஒரு சொல் பல்லாண்டு உழைக்கவைத்தது. மாணாக்கரை ஆளுங் கலையின் உட்பொருள் இதுவே.

இக்கலை பயிற்சியால் வரத்தக்கது என்பதை உலகம் பின்னரே உணர்ந்தது. அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரி, 1910களிலேயே கல்லூரி மாணவியரின் நலம்பேணும் அதிகாரிகளுக்கென மேற்பட்டக் கல்வியைத் தொடங்கிற்று. மாணாக்கனை அறிவளவில் மட்டுமன்றி முழு மனிதனாகக் கருதிப் பேணல் வேண்டுமென்று 1937இல் அந்நாட்டுக் கல்வி மன்றம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்று அங்கே பல சர்வகலாசாலைகளில் இதற்கென எம்.ஏ. நிலையில் தனிப் படிப்பு உண்டு. இளைஞர் மனவளர்ச்சி, ஆறுதலுரைக்கும் முறை, சட்டம், நிர்வாகம் ஆகியவற்றைக் கற்பதோடு, விடுதிகளில் மேற்பார்வையாளரின் கீழ்ப் பணிசெய்து பழகுகின்றனர். நம் கல்லூரிகளிலோ, பாடஞ் சொல்லும் பேராசிரியரே விடுதிக் காவலர் பொறுப்பையும் சுமப்பது பெருவழக்கு. அவர்தம் அன்பே நம்மைக் காக்கின்றது. அவ்வன்பிற்குப் பயிற்சியும் துணையாயின் எத்துணை நலம் விளையும்! நம்மிற் சிலரேனும் இதனைத் தம் வாழ்க்கைத் தொழிலாகத் தேர்தல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

ஐயர் இட்ட வித்தும் வீண்போகவில்லை. சாயர்புரத்தில் 1962 முதல் அவர் பெயராலேயே ஒரு கல்லூரி நடைபெற்று வருகின்றது. அன்று கலகஞ் செய்தாரின் ஊர்களிலிருந்தே இன்று இளைஞர் அதனுட் சென்று பயில்கின்றனர். தமிழுக்கு அவர் தந்தவற்றை அவர் நிறைவிலிருந்து கற்போம். மாணாக்கரை ஆளும் நெறியை அவர் குறையிலிருந்தும் கற்போமாக.